வாசல் பெஞ்சும் என் பி.ஏ. பட்டமும்

போன மாதம் பௌர்ணமி சாயந்திரம், செங்கம் ரோட்டில், என் வீட்டு வாசலில், நான் குப்புற விழுந்தேன்.

விழுந்ததில் வெட்கமில்லை. யார்தான் விழவில்லை? ஆனால் நான் விழுந்தது மலையைப் பார்த்த திசை. இரண்டு கைகளும் தாமாகவே முன்னால் நீண்டுவிட்டன. கிரிவலம் வந்துகொண்டிருந்த கும்பல் அப்படியே நின்றது. "அண்ணாமலையாருக்கு அரோகரா!" என்று ஒரே கோஷம். ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொருவர் என் பக்கத்திலேயே விழுந்து கும்பிட்டார்.

அந்த நேரத்தில் எப்படி எழுந்திருப்பது? முழங்கால் தீயாய் எரிய, அவர்கள் நகரும்வரை பக்திமானாகவே கிடந்தேன்...

என்னைத் தள்ளிவிட்டது ஒரு பெஞ்ச். அதுவும் நானே காசு கொடுத்து வாங்கிய பெஞ்ச்.

பௌர்ணமி வந்தால் எங்கள் வாசலில் நாலு பேராவது நின்று தண்ணீர் கேட்பார்கள். என் மனைவி சரோஜாதான் சொன்னாள்.

"பாவங்க, வெறுங்காலோட நடந்து வராங்க. வேப்பமரத்தடியில ஒரு பெஞ்ச் போட்டா செத்த நேரம் உக்காந்துட்டுப் போவாங்க இல்ல?"

நல்ல யோசனை. அதைக் கெடுக்க நான் ஒருவன் வேண்டாமா?

மரக்கடை தணிகாசலத்திடம் போனேன். "அத்தனையும் தேக்கு சார். மழையிலயே போட்டு வைங்க, உங்க பேரன் காலம் வரைக்கும் வரும்" என்றார். நான் சும்மா நம்பிவிடுவேனா? பலகையை விரலால் இரண்டு தட்டுத் தட்டி, காதைக் கிட்டே வைத்துக் கேட்டு, "ம்..." என்று தலையாட்டினேன். என்ன சத்தம் வரவேண்டும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அப்படித் தட்டாமல் மரம் வாங்குவது ஆண்மைக்கு அழகில்லை என்று எப்போதோ முடிவு செய்திருந்தேன்.

அதோடு விட்டேனா?

இந்த ஊரில் உபயம் என்று பெயர் எழுதாத பொருள் உண்டா? கோயில் டியூப் லைட்டிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை யாராவது ஒருவர் பெயர் இருக்கும். பத்திரிகையில் நான் எழுதும் இதே பத்தியில் அதை எத்தனை முறை கிண்டல் செய்திருக்கிறேன்! பெஞ்ச் வந்த மறுநாளே பெயிண்டரைக் கூப்பிட்டேன். சாய்மானப் பலகையில், சிவப்பு எழுத்தில், "உபயம்" — கீழே என் பெயர் — பக்கத்தில் பி.ஏ., பி.டி.

"யாராவது உக்காந்தா முதுகுல மறைஞ்சிடுமே?" என்றாள் சரோஜா. அவள் சொன்னது கேலி. எனக்கு அது கவலையாகிவிட்டது. பின்பக்கமும் எழுதச் சொன்னேன்.

ஐப்பசி மழை நாலு நாள் பெய்தது. உட்காரும் பலகை நடுவில் குழிந்தது. முன்னங்கால் ஒன்று உப்பி, இளகி, கோணிக்கொண்டது. "இது சரியில்லைங்க" என்றாள் சரோஜா. "நல்ல மரம் முதல் மழையில அப்படித்தான் இருக்கும். இப்ப பாரு" என்று உட்கார்ந்து காட்டினேன். அப்புறம் நடந்ததுதான் முதல் பாராவில் இருக்கிறதே!

மறுநாள் காலை பெஞ்சை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் புறப்பட்டேன். பணத்தை வாபஸ் வாங்குவதாகச் சபதம். உண்மையைச் சொல்கிறேன், பணம் போனதைவிட, அடுத்த மாதம் கார்த்திகை தீபத்துக்கு வருகிற ஜனமெல்லாம் என் பெயர் போட்ட நொண்டிப் பெஞ்சைப் பார்க்குமே என்பதுதான் என் கவலை. கிளம்பும்போது சரோஜா, "பேசாம கடைக்காரர் பேரையும் அதுல எழுதி வெச்சிடுங்க" என்றாள். "நேரங்காலம் தெரியாம பேசாதே" என்று அதட்டிவிட்டு வண்டியேறினேன்.

தணிகாசலம் பெஞ்சைச் சுற்றி வந்தார். முகத்தில் ஒரு சலனமில்லை. திரும்பிப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"நான் தேக்குனு சொன்னது முதுகுப் பலகையைத்தான் சார். அது பாருங்க, எப்படி ஜம்முனு நிக்குது!"

நின்றது. அதில் என் பெயரும் ஜம்மென்று நின்றது. ஒரு எழுத்து உதிரவில்லை.

"அதெல்லாம் வேணாம். பணத்தைக் குடுத்துடுங்க."

"எப்படி சார் முடியும்? உபயம்னு எழுதிட்டீங்க. சாமி பேரைச் சொல்லி ஜனங்களுக்குக் குடுத்தாச்சு. அதைத் திரும்ப வாங்கினா எனக்கில்ல பாவம்? அதுவும் ரெண்டு பக்கமும் எழுதியிருக்கீங்க... பாவம் ஜாஸ்தி."

"நான் பத்திரிகையில எழுதறவன், தெரியுமில்ல?"

"எழுதுங்க சார். கடை அட்ரஸைக் கரெக்டா போடுங்க."

பலகையிலிருந்து பி.ஏ., பி.டி. என்னையே பார்த்தது. தலையைக் குனிந்தபோதுதான் சரோஜா சொன்னது நினைவுக்கு வந்தது. என் சொந்த யோசனை மாதிரி நிமிர்ந்தேன்.

"சரிங்க. பெஞ்சை வாசல்லயே போட்டுடறேன். என் பேருக்குக் கீழ 'வாங்கிய இடம் தணிகாசலம் மரக்கடை'னு எழுதிடறேன். தீபத்துக்கு வரவங்க எல்லாரும் படிக்கட்டும்."

தணிகாசலம் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். டீ வந்தது. டீயோடு பன்னும் வந்தது.

"பணம் மட்டும் கேக்காதீங்க சார். கல்லாவுக்குள்ள போனதை வெளிய எடுக்கற பழக்கம் எங்க பரம்பரைக்கே கெடையாது. தீபத்துக்குள்ள அசல் வேங்கை மரத்துல புதுசு போட்டுத் தரேன். பெயிண்டர் செலவும் என்னுது."

பெயிண்டர் செலவும் அவருடையதா! எவ்வளவு பெரிய மனது என்று நெகிழ்ந்தேன். பழைய பெஞ்சை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பினேன்.

சொன்ன சொல் தவறவில்லை. தீபத்துக்கு முந்தின நாள் பெஞ்ச் வந்தது. நாலு பேர் சேர்ந்து தூக்கவேண்டிய கனம். யானையே உட்காரலாம். முன்பக்கமும் பின்பக்கமும் சிவப்பில் பளபளவென்று எழுத்து: "உபயம் — தணிகாசலம் மரக்கடை."

சரோஜா அன்று முழுக்கச் சிரித்தாள். நான் சாப்பிடவில்லை.

தீபத்தன்று பெஞ்ச் காலியாகவே இல்லை. ஒருவர் எழுந்தால் இன்னொருவர். நான் குடமும் டம்ளருமாக நின்றேன். போளூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மா உட்கார்ந்து, காலை நீவிவிட்டு, தண்ணீரை மடமடவென்று குடித்தாள். முதுகுக்குப் பின்னால் என்ன எழுதியிருக்கிறது என்று மகளைக் கேட்டாள். மகள் படித்துச் சொன்னாள். உடனே எழுந்து என் தலையில் கையை வைத்தாள்.

"நீதான் தணிகாசலமாப்பா? நீயும் உன் புள்ளைகுட்டிங்களும் நல்லா இருக்கணும்."

கதவோரம் சரோஜா நின்றிருந்தாள். அவள் கண்ணைப் பார்க்காமல், "ஆமாம்மா" என்றேன்.

பின்னே? அந்த ஆளிடமிருந்து என் காசை வேறு எப்படித்தான் வசூலிப்பதாம்!