திறக்காத எக்செல் ஃபைலும் ராஜேஸ்வரியின் புடவையும்

இன்று காலை கடை ஷட்டரை முழுதாகத் தூக்குவதற்குள் ஒருவர் பென் டிரைவை நீட்டினார்!

"இத்த கொஞ்சம் தொறந்து குடும்மா. எங்க ஊர்ல காட்னேன், ஃபைல் செத்துப்போச்சுன்னுட்டாங்க."

(திருத்தணி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். நெட் வராவிட்டாலும் திட்டு எனக்குத்தான்!)

அவர் பொதட்டூர்பேட்டையில் தறி ஓட்டுபவர். லுங்கிதான் தொழில். கட்டங்களுக்கு டிசைன் போட்டுக் கொடுத்தது அவர் மனைவி ராஜேஸ்வரி.

எதில் தெரியுமா? எக்செல்லில்! ஒவ்வொரு செல்லிலும் ஒரு நூலின் கலர்.

நான் பில் போட மட்டுமே தெரிந்து வைத்திருக்கும் எக்செல்!

"அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமேண்ணா" என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

"போன வருஷம் தவறிட்டாம்மா."

பென் டிரைவை வாங்கிக்கொண்டேன்.

"ஊருக்கெல்லாம் லுங்கி டிசைன் போட்டவ, கடைசியா தனக்குன்னு ஒரு பொடவ போட்டா. நெய்யறதுக்குள்ள போய்ட்டா. வர்ற வாரம் வருஷ திதி. படையல்ல அந்தப் பொடவையத்தான் வெக்கணும். நாளைக்குத் தறியில ஏத்தலன்னா ஆவாதும்மா."

பென் டிரைவைச் செருகினேன். ஒரே ஒரு ஃபைல். பெயர்: 'உ ராஜேஸ்வரி'.

(ஆமாம், பிள்ளையார் சுழியோடு!)

கிளிக் செய்தேன். திறக்கவில்லை.

"பேரை நீங்க மாத்தினீங்களாண்ணா?"

"ஆங். இன்னாவோ நம்பரு, இங்கிலீஷு எல்லாம் இருந்துச்சு. அத்த அழிச்சுட்டு அவ பேர வெச்சேன். தப்பா?"

அவர் அழித்ததில், பெயருக்குப் பின்னால் இருந்த 'டாட் எக்ஸ்.எல்.எஸ்.எக்ஸ்'ஸும் போயிருக்கிறது. அது இல்லாததால் இது எக்செல் ஃபைல் என்றே கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை.

"தப்பில்லண்ணா" என்று சொல்லிவிட்டு, பெயரை அப்படியே விட்டு, வாலை மட்டும் சேர்த்தேன்.

திறந்தது!

மாம்பழ மஞ்சளில் உடல். சின்னச் சின்னதாக அரக்குக் கட்டம். பார்டரில் ஒரு பச்சைக் கோடு. எத்தனை பொறுமை அந்த அம்மாவுக்கு!

கீழே ஸ்க்ரோல் செய்தேன். முந்தானை இருக்க வேண்டிய இடம் முழுக்க வெள்ளை.

"இங்க எதுவும் இல்லையேண்ணா?"

அவர் ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"'பாவா, முந்தானிக்கு மட்டும் நீ ஒரு கலர் சொல்லேன்'னு கேட்டுகினே இருந்தா. நானும் சொல்றேன் சொல்றேன்னுகினே இருந்தேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும்தான்.

"வெள்ளையாவே விட்டுடலாமாண்ணா?"

"ஐயோ, வாணாம்மா! சுமங்கலியாப் போனவளுக்கு வெள்ளை வெக்கக் கூடாது."

கலர் பெட்டியைத் திறந்து காட்டினேன். "அவங்களுக்குப் பிடிச்ச கலர் சொல்லுங்க, இப்பவே போட்டுடறேன்."

விரலை ஸ்கிரீன் பக்கம் கொண்டுபோனார். சிவப்பு... ஊதா... மறுபடியும் சிவப்பு. பிறகு விரலை எடுத்துக்கொண்டார்.

"தெரியலம்மா."

இத்தனை வருடம் அந்த அம்மா போட்ட கலரையெல்லாம் தறியில் ஓட்டியவர்!

பென் டிரைவைக்கூட எடுக்காமல் எழுந்தார்.

"வூட்டுக்குப் போயி அவ பீரோவப் பார்த்துட்டு வரேன். எந்தக் கலர் பொடவ நெறைய கீதுன்னு. அவ போனதுலேர்ந்து அத்த நான் தொறக்கவேல்ல."

பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் ஏறிப் போனார்.

இதை எழுதும்போதும் அந்த ஃபைல் என் ஸ்கிரீனில் அப்படியே இருக்கிறது. ஜெராக்ஸுக்கு வந்தவர்களெல்லாம் "யாருக்கு இந்தப் புடவை?" என்று கேட்டுவிட்டார்கள்.

அவர் வரும்வரை மூட மாட்டேன்.

உங்கள் வீட்டில் யாராவது உங்களிடம் இப்படி ஒரு கலர் கேட்டுக்கொண்டிருக்கிறார்களா?