கலியமூர்த்தி கட்டிய பேனர்

கடலூர் திருப்பாதிரிப்புலியூர் பக்கம் கல்யாணமோ கருமாதியோ, பேனர் கட்ட ஏணி ஏறுவது என் மச்சான் கலியமூர்த்திதான். கீழே நின்று கயிறு பிடிப்பது நான்.

அவர் மகள் இலக்கியா சிதம்பரத்தில் எம்.டி. முடித்தாள். கடலூரில் ஒரு பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு இடம். நாற்பது டாக்டர்கள் அதற்கு மனு போட்டிருந்தார்கள்.

"எல்லாருமே எம்.டி.தான்பா. எங்க புரொபசர் எனக்காகப் பேசுறேன்னு சொல்லியிருக்காரு. அது போதும்."

மச்சானுக்கு அது போதவில்லை. ஒரு பெரிய மனிதர் துணை இருக்கிறார் என்றால் எங்கள் தொழிலில் அதை வாயால் சொல்லிக்கொண்டிருக்க மாட்டோம். பேனரில் மேலே அவர் படத்தைப் போட்டு, 'நல்லாசியுடன்' என்று அடித்துவிடுவோம். படத்துக்கு யாரையும் கேட்கிற வழக்கமும் கிடையாது.

இன்டர்வியூ அன்று விடியற்காலையில் ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே கட்டினோம். மேலே புரொபசர், கீழே ஆள் உயரத்துக்கு இலக்கியா.

"ஜம்முனு இருக்கு மச்சான்" என்று சொன்னவன் நான்தான்.

உள்ளே பெரிய டாக்டர் அவளிடம் வைத்தியத்தைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம்.

"வெளிய இருக்கறது உங்க புரொபசர்தானே? அவருக்கு இது தெரியுமாம்மா?"

"தெரியாது சார். எங்க அப்பா கட்டுனது."

அவள் எதிரிலேயே புரொபசருக்குப் போன் போட்டார்கள்.

மறுநாள் நானும் மச்சானும் சிதம்பரம் போய் அவர் வீட்டு கேட்டில் நின்றோம். மச்சான் காலில் விழப் போனார். புரொபசர் பதறிப் பிடித்துக்கொண்டார்.

"உங்க பொண்ணு கெட்டிக்காரிங்க. அதத்தான் நான் சொல்றதா இருந்தேன். இனிமே நான் என்ன பேசுனாலும் ஆள் வெச்சு சிபாரிசு பண்ண மாதிரிதான் ஆவும்."

திட்டியிருந்தால்கூடத் தேவலாம். மரியாதையாகப் பேசி எங்களை அனுப்பி வைத்தார்.

அந்த இடம் வேறு யாருக்கோ போனது. இலக்கியா அப்பாவை ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் தங்கச்சி திட்ட வாயெடுத்தபோதும், "வுடும்மா" என்று அடக்கிவிட்டாள்.

போன வாரம் அவள் போனில் வேறு எதற்கோ மனு போட்டுக்கொண்டிருந்தாள். மச்சான் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"எந்த ஊரு ஆஸ்பத்திரிம்மா?"

இலக்கியா போனைக் கவிழ்த்து மடியில் வைத்தாள். "கெடச்சதும் சொல்றேம்பா."

"செரிம்மா" என்றார். நான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன்.