சிவகரனின் இரைச்சல்

ஞானேஸ்வரி அக்காவின் வீட்டில் வானொலி எந்நேரமும் உச்சத்தில் அலறும். அந்த மனுசிக்குக் காது மந்தம் என்று அயலில் கதை. ஊர் வாயை யார் மூடுவது? அக்காவுக்குக் காது நன்றாகக் கேட்டதுதான் பிரச்சினை. மகன் சிவகரன் வாயை மூடியபடி தொண்டைக்குள் இரைந்துகொண்டே இருப்பான், ஒரே சுருதியில், விடிந்தால் பொழுதுபடும் வரை. இருபத்தொரு வயது, பேச்சு வரவில்லை. பேச்சில்லாததை அக்கா எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டார். அந்தச் சத்தத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை; அதை அமுக்கத்தான் வானொலி. ஏனென்று கேட்டால் எழும்பிப் போய்விடுவார்.

கிளிநொச்சியில் நான் வேலை செய்யும், சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கான நிலையத்துக்கு அவனைக் கூட்டி வந்த அன்றே சொல்லிவிட்டார்.

"இந்தச் சத்தம் நிக்கவேணும் பிள்ளை. நிக்காட்டி இவனை எங்கையாவது ஒரு இல்லத்தில விட்டிடுவன். என்னால ஏலாது."

சொல்லும்போதே அழுதார்.

எங்கள் இசை வகுப்பை எடுப்பவள் பிரஷாந்தினி. வவுனியாப் பிள்ளை. சங்கீதம் படித்துவிட்டு, இப்படியான பிள்ளைகளுக்கு இசை எப்படி உதவும் என்று ஆராய்ச்சி செய்கிறாள். அவள் எந்தப் பிள்ளையின் சத்தத்தையும் நிறுத்தமாட்டாள். தானும் அதோடு போய்ச் சேர்ந்துகொள்வாள். பிள்ளை தன்னைக் கவனித்த பிறகுதான் மெல்ல வேறு சுரத்துக்குக் கூட்டிப்போவாள். அன்றும் சுருதிப்பெட்டியைச் சிவகரனின் இரைச்சலுக்குச் சரியாக வைத்து, கூடவே இரைந்தாள். ஒருவரையும் பாராத பிள்ளை அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்தான். எனக்குச் சந்தோசம் தாளவில்லை.

வெளியே வாங்கில் இருந்த அக்கா பாய்ந்து வந்தார். மகனை இழுத்து மேசைக்கு அடியில் தள்ளி, அவன்மேல் குப்புற விழுந்தார்.

"வண்டு சுத்துது! படுங்கோ, படுங்கோ!"

சண்டைக் காலத்தில் தலைக்கு மேலே சுற்றிய ஆளில்லா விமானத்தை நாங்கள் வண்டு என்றுதான் சொல்வோம். அது சுற்றிவிட்டுப் போனால் பின்னாலே ஷெல் வரும். சிவகரன் தனியே இரைந்தபோது எனக்குப் பிடிபடவில்லை. பெட்டியும் இரண்டு குரலும் சேர்ந்ததும் அப்படியே அதுதான். பிரஷாந்தினி பெட்டியை நிறுத்தினாள்.

மேசைக்கு அடியில் சிவகரன் சிரித்துக்கொண்டிருந்தான். தாய் நிமிர்ந்ததும் அவர் மடிக்குள் தலையை நுழைத்து மறுபடி இரைந்தான்.

பிரஷாந்தினி நிலத்தில் இருந்து கேட்டாள்: "அம்மா, அந்த நேரம் இவர் ஆரோட இருந்தவர்?"

"தேப்பன்ர மடியில. வண்டு வந்தா பங்கருக்குள்ள இவனை மடியில வைச்சு இறுக்கிப் பிடிச்சிருப்பார். மற்ற நேரம் அவர் வீட்டில நிண்டதே குறைவு." அக்கா மகனின் முகத்தைப் பார்த்தார். "இவனுக்குத் தேப்பனை ஞாபகமே இல்லையெண்டெல்லோ நினைச்சனான். இந்தச் சத்தம் வந்தா அவர் வருவாரெண்டு கூப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறான். நான் இவன்ர வாயைப் பொத்தினனான்."

சண்டையோடு போன இடம் தெரியாத அந்த மனுசனைத்தான் அவன் கூப்பிட்டானா? யாருக்குத் தெரியும், சிவகரன் சொல்லப்போவதில்லை. ஆனால் இல்லத்தைப் பற்றி அக்கா பிறகு கதைக்கவே இல்லை.

போன கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் மகனை மடியில் சாய்த்துக்கொண்டு அக்காவும் அவனோடு சேர்ந்து இரைந்துகொண்டிருந்தார். கண் அடிக்கடி வானத்துக்குப் போனது. பயத்தில் உடம்பு நடுங்க, அவனை இறுக்கிப் பிடித்திருந்தார். அவன் சிரித்தான்.