செலவில்லாத தெரு

நோய்க்காகக் குடும்பங்கள் என்ன செலவழிக்கின்றன என்று ஆராய்வது என் வேலை. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகளைச் சுற்றியுள்ள மூன்று தெருக்களில் வீடு வீடாகப் போய், இருமலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் மாதம் எவ்வளவு ஆகிறது என்று கேட்டு எழுதினேன். மண் தூளை வருடக்கணக்கில் சுவாசித்தவர்கள் அவர்கள். எக்ஸ்ரே எடுக்கும் வண்டி ஒன்று வருவதாக இருந்தது. ஒரே ஒரு நாள், ஒரே ஒரு தெருவுக்கு. எந்தத் தெரு என்பதை இந்தக் கணக்கை வைத்து நான் வரையும் படத்தைப் பார்த்துத்தான் சுகாதாரத் துறை அதிகாரி முடிவு செய்வார்.

ஒரு வீட்டுக்கு ஒரு கட்டம். செலவு கூடக் கூட நீலம் அடர்த்தியாகும். படிக்கத் தெரியாதவருக்கும் புரிய வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் செய்தேன். அனுப்புவதற்கு முன் பள்ளிக்கூடத்துச் சுவரில் மாட்டி, தெருக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டினேன். கடைத்தெருப் பக்கம் கருநீலம். தெற்குத் தெரு வெள்ளை வெளேரென்று இருந்தது.

"தெற்குத் தெருவுல பிரச்சினை கம்மி. வண்டி கடைத்தெரு பக்கம் போறதுதான் நியாயம்" என்று பெருமையாகச் சொன்னேன்.

ஒரு பெண் எழுந்தாள். சூளையிலிருந்து வரும் சாமான்களைத் தரம் பிரிப்பவள், என் வயதுதான் இருக்கும்.

"மேடம், எங்க வூடு எதுங்க?"

தெற்குத் தெருவில் ஒரு வெள்ளைக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினேன்.

"எங்க வூட்டுக்காரரு படுத்தா மூச்சு முட்டுதுன்னு சுவத்துல சாஞ்சிதான் தூங்குறாரு. இதுல ஒண்ணுமே இல்லியே?"

"செலவு இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஆமாங்க. மாத்திர வாங்கக் கட்டுபடியாவல, நிறுத்திட்டோம். அப்புறம் ஏது செலவு?"

எனக்கு முன்கோபம் அதிகம். சுர்ரென்று ஏறியது. "அத அன்னைக்கே சொல்ல வேண்டியதுதானே!"

"எவ்ளோன்னுதான கேட்டீங்க? ஏன் இல்லன்னு கேக்கலியே." அவள் குரலை உயர்த்தவே இல்லை. "சூளையிலேருந்து எடுத்தா நாங்க உடைஞ்சதையும் சேத்துத்தான் எண்ணுவோம் மேடம். நல்லத மட்டும் எண்ணினா சூளைக்குள்ள எவ்ளோ வீணாப் போச்சுன்னு எப்படித் தெரியும்?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். என்னுடையது உதவாமல் போனதோடு நிற்கவில்லை, நோயாளியின் வாசலுக்கு வர வேண்டிய வண்டியைத் திருப்பிவிட இருந்தது. அவமானமாக இருந்தது. கூட்டம் முடிந்ததும் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அத வுடுங்க, வண்டி வருமா?" என்றாள்.

மறுநாளே மூன்று தெருவுக்கும் மறுபடி போனேன். "பாக்க முடியாம விட்ட வைத்தியம் ஏதாவது இருக்கா?" என்று கேட்டேன். பல வீடுகளில் நிறுத்திய மாத்திரையையும் போகாத ஆஸ்பத்திரியையும் சொன்னார்கள். நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த வீடுகளின் கட்டத்தை உள்ளே வெள்ளையாகவே விட்டு, சுற்றிலும் சிவப்புக் கோடு போட்டேன். தெற்குத் தெருவில் கோடு விழாத கட்டம் அரிதாக இருந்தது.

அதிகாரி உற்றுப் பார்த்தார். "என்னம்மா, உள்ள கலர் அடிக்கலியா?"

"இல்ல சார். இவங்க வைத்தியத்தையே நிறுத்திட்டவங்க."

அவர் சிவப்புக் கட்டங்களை ஒவ்வொன்றாக எண்ணினார். வண்டி தெற்குத் தெருவுக்கு வந்தது.

அன்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் நின்றேன். அவள் கணவர் நாலு எட்டுக்கு ஒருதரம் நின்று நின்று வந்து எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார். நுரையீரல் ரொம்பக் கெட்டிருக்கிறது, மாதாமாதம் கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று வண்டியில் வந்த டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்தார்.

"இனிமே கவலைப்படாதீங்க. அங்க எல்லாம் இலவசம்தான்" என்றேன்.

"நல்லதுங்க மேடம். நீங்க இல்லன்னா வண்டியே வந்திருக்காது." சீட்டை நாலாக மடித்தாள். "அவரால தனியா போவ முடியாது, நானும் கூடப் போவணும். பஸ்ஸுக்கு ஆவும், என் கூலியும் போவும். இருக்குற கூலியே சாப்பாட்டுக்குத்தான் சரியா இருக்கு."

கணவருக்குக் கேட்காதபடி என் பக்கமாக நகர்ந்து வந்தாள்.

"பெரிய பொண்ணு காலேஜுல சேரணும்னு ஃபாரம் வாங்கி வச்சிருக்கு. அதுகிட்ட பட்டறைக்கு வாடின்னு எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல."