ஏழாவது கோடு

எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவையொட்டிய சுவரில் ஆறு கரிக்கோடுகளும் ஒரு பாதிக்கோடும், அவற்றுக்குக் கீழே இன்னும் சில கோடுகளும் இருக்கின்றன. பொங்கலுக்கு வெள்ளையடிக்க வருகிறவரிடம் அந்த ஒரு முழ இடத்தை விட்டுவிடச் சொல்வேன். மேலே உள்ளவற்றைப் போட்டது என் வீட்டுக்காரரின் அக்கா. வாய் நிறைய அண்ணி என்று கூப்பிட்டவள்தான் நான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டில் கல்யாணமாகி வல்லத்திராக்கோட்டைக்கு வந்தேன். மூன்று வருஷமாகியும் பிள்ளை இல்லை. "உடம்புல அழுக்குச் சேந்து கெடக்கு, கழுவியாகணும்" என்று அண்ணியே முடிவு கட்டி, எங்கள் வீட்டில் வந்து தங்கி, நார்த்தாமலைப் பக்கமிருந்து ஒரு ஆயுர்வேத வைத்தியரை வரவழைத்தார். ஐந்து நாள் வெறும் வயிற்றில் மருந்து நெய். கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. அடுத்த இரண்டு நாள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்து வேது பிடித்தார்கள். கடைசி நாள் பேதிக்குக் கொடுப்பார்கள். எத்தனை தடவை போகிறது என்று வைத்தியருக்குக் கணக்குச் சொல்ல வேண்டும், கரி அதற்குத்தான். "உடம்பு சுத்தமானா மனசும் லேசாயிரும்" என்றார் வைத்தியர்.

அந்தக் காலத்தில் வைத்தியர் மருமகளிடம் நேராகக் கேட்க மாட்டார். பக்கத்தில் நிற்கும் பெரியவளிடம் கேட்பார், அவள் சொல்வதுதான் பதில். பேதி நாள் காலையிலும் அண்ணியைத்தான் கேட்டார்: "நாள் தள்ளிப் போயிருக்குதாங்க? அப்படின்னா இதைக் குடுக்கப்படாது."

பன்னிரண்டு நாள் தள்ளிப்போயிருந்தது. முந்தின நாள்தான் கிணற்றடியில் அண்ணியிடம் சொல்லியிருந்தேன். இதற்கு முன் இரண்டு தடவை அப்படித் தள்ளி ஏமாற்றியதால் அவர் நம்பவில்லை. "அதெல்லாம் இல்லைங்க, போன வாரந்தான் தலைக்கு ஊத்துனா" என்றார். நான் வாயே திறக்கவில்லை. அதற்காக என்னையும் நான் விடுவதில்லை.

ஆறு கோடு ஆனது. ஏழாவது தடவை ரத்தத்தோடு வந்து கதவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பாதிக் கோட்டில் அண்ணியின் கை நின்றது. "அழுக்கோட அதுவும் போயிருச்சு, விடு" என்றார். அதற்குப் பிறகு என் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை.

பதினோரு வருஷம் காத்திருந்தேன். புருஷனை இழந்து, முட்டியெல்லாம் பிடித்துக்கொண்டு, அண்ணி எங்கள் வீட்டுக்கே வைத்தியத்துக்கு வந்தார். அதே வைத்தியர், அதே மருந்து. இப்போது பக்கத்தில் நிற்கும் பெரியவள் நான். "மூலத்துல ரத்தம் போகுதாங்க? போனா இந்த மருந்து ஆகாது" என்று என்னிடம் கேட்டார். அண்ணியின் துணியைத் துவைப்பவள் நான், எனக்குத் தெரியாதா? இல்லை என்று ஒரு வார்த்தை போதும். அண்ணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பயத்தை அவசரப்படாமல் அனுபவித்தேன்.

"அவங்களுக்கு வாய் இருக்கு, அவங்களையே கேளுங்க" என்றேன்.

கூசிக் குறுகி, "போகுதுங்க" என்றார் அண்ணி. வைத்தியர் அந்த மருந்தை எடுத்து வைத்துவிட்டு, மெதுவாகப் பேதியாகிற திராட்சைக் கஷாயம் மட்டும் கொடுத்தார். உயிருக்கு நான் கெடுதல் செய்யவில்லை. ஆனால் கட்டிலை அந்தச் சுவரைப் பார்க்கப் போட்டேன்.

"கட்டில அங்கிட்டுத் திருப்பிப் போடு ஆத்தா."

"இங்கிட்டே கெடக்கட்டும் அண்ணி."

அண்ணி கொல்லைக்குப் போய் வந்த ஒவ்வொரு தடவைக்கும், பழைய கோடுகளுக்குக் கீழே நான் கரியால் ஒரு கோடு போட ஆரம்பித்தேன். மூன்றாவது கோட்டில் அண்ணி அழுதார். "அன்னைக்கு நான் பொய் சொன்னேன் ஆத்தா. மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிரு."

நான் நாலாவது கோட்டைப் போட்டேன்.

அண்ணி போய்ச் சேர்ந்து நாளாகிவிட்டது. அந்த வார்த்தையை அவர் கேட்காமலேதான் போனார். இந்தப் பொங்கலுக்கு வந்த பையன், "ஒரே இழுப்புல மறைஞ்சிரும், அடிச்சிரவாங்க?" என்று மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்தான். என் பிள்ளை இருந்திருந்தால் இந்தப் பையனுடைய அப்பன் வயது இருக்கும். அந்தப் பாதிக் கோட்டைக் கையால் மறைத்துக்கொண்டு, எப்போதும்போல அந்த ஒரு முழத்தைச் சுற்றி அடிக்கச் சொன்னேன்.