பரிசோதகருக்குக் கொடுத்த தண்ணீர்

சுகாதாரப் பரிசோதகரின் மோட்டார் சைக்கிள் எங்கள் வளவுக்குள் நுழைந்த அன்றே அம்மா முடிவு கட்டிவிட்டார். மாமிதான் போட்டுக்கொடுத்திருக்கிறார்! ஊர்காவற்றுறையில் வீட்டுக் கொட்டில்களில் நண்டு அவித்துச் சதை எடுத்து விற்கிற எல்லா இடங்களுக்கும் பரிசோதகர் போய்க்கொண்டிருந்தார் என்பது அம்மாவின் காதில் ஏறவேயில்லை.

மாமி என்றால் அம்மாவின் அண்ணன் மனைவி. வேலிக்கு அந்தப் பக்கம் வீடு. அந்த வேலியை யார் யாருடைய நிலத்துக்குள் தள்ளிப் போட்டார்கள் என்று தொடங்கிய கோபத்துக்கு ஏறக்குறைய என் வயது இருக்கும். ஆனாலும் எங்கள் கிணற்றில் உப்பு, அவர்கள் கிணற்றில் நல்ல இனிப்பு. எங்கள் தீவில் எந்தப் பகையிலும் குடிதண்ணீரை மறிப்பதில்லை. பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள், பிள்ளைகள் குடத்தோடு போய்வருவோம்.

பரிசோதகர் கொட்டிலின் தரையைப் பார்த்தார், கத்திகளைப் பார்த்தார், அம்மாவின் நகங்களைக்கூடப் பார்த்தார். அவர் பார்ப்பதையெல்லாம் அம்மா பார்த்துக்கொண்டு நின்றார்.

“கூரையை ஏன் இவ்வளவு நேரம் பார்த்தவர்? அதில என்ன கண்டவர்?” என்று, அவர் போனபின் அம்மா தானே ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். ஒன்றுமில்லை. அது சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

போகுமுன் அவர் எங்கள் கிணற்றில் குளோரின் போட்டு, வலையால் மூடச் சொல்லியிருந்தார். அடுத்த கிழமை தண்ணீர் எடுத்துச் சோதிப்பாராம். தண்ணீர் சரியில்லை என்றால் கொட்டிலை மூடவேண்டும். அப்பாவின் வள்ளத்தைவிட அந்தக் கொட்டில்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

குளோரின் போட்டபின் அம்மா ஒரு வாய் அள்ளிச் சுவைத்துவிட்டுத் துப்பினார். “முதலே உப்பு. இப்ப மருந்து மணமும். இந்தத் தண்ணியைக் குடிச்சுப் பார்த்திட்டு ஆர் சரியெண்டு சொல்லுவினம்?”

அதனால், அவர் வரவிருந்த நாளுக்கு முதல்நாள் பின்னேரம், கொட்டிலில் குழாய் பூட்டியிருந்த பெரிய தண்ணீர்ப் பரலை அம்மா கவிழ்த்து ஊற்றினார். மாமி வீட்டுத் தண்ணீரால் அதை நிரப்புவது என் வேலையாயிற்று. நான் குடம் குடமாகச் சுமந்தேன். மாமி தன் கடைசிப் பெடியனை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தபடி நின்றார். வயிற்றோட்டம் வந்து வந்து அவன் வாடிப்போயிருந்தான்.

“என்ன பிள்ளை, கடலையே நிரப்பப் போறியளோ?”

“விருந்தாக்கள் வருகினம் மாமி.” இது அம்மா சொல்லித் தந்தது.

“ஆர் விருந்தாக்கள்?”

இதற்கு அம்மா ஒன்றும் சொல்லித் தரவில்லை. “கொழும்பில இருந்து,” என்றேன். பொழுதுபடும்வரை மாமி வேலிக்கு மேலால் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பரிசோதகர், நண்டு கழுவுகிற தண்ணீர்தான் தனக்கு வேண்டும் என்று பரலின் குழாயைத் திறந்து ஒரு போத்தலில் பிடித்து, ஐஸ் பெட்டிக்குள் வைத்தார். குடித்துப் பார்க்கவேயில்லை. “அப்ப வீட்டிலேயே முடிவெடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்,” என்றார் அம்மா.

சோதனை முடிவோடு அவர் திரும்பி வந்தபோது முகம் சரியில்லை. “தண்ணியில மலக்கிருமி இருக்குது அக்கா. குளோரின் போட்ட கிணத்தில அது எப்பிடி வந்தது?” என்று கேட்டு அம்மாவைக் கூர்ந்து பார்த்தார். கொட்டில் மூடப்பட்டது.

அவர் மறைந்ததும், “அவள் கிணத்துக்குள்ள என்னவோ போட்டிட்டாள்,” என்று அம்மா வேலிக்கு ஓடினார். நானும் வேலியிலிருந்த பொட்டுக்குள்ளால் பார்த்தேன். கிணற்றடியில் வழக்கம்போல ஆடுகள் கட்டியிருந்தன. வழக்கம்போலப் புழுக்கையும் சேறும். மாமி பெடியனைக் குளிக்க வார்த்து, அழுதவனுக்கு அதே வாளியிலிருந்து ஒரு கை தண்ணீர் பருக்கினார். அம்மா அந்தக் கையையும் பெடியனின் ஒட்டிய கன்னத்தையும் பார்த்துக்கொண்டு நின்றார்.

அடுத்தமுறை பரலில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் இருந்தால் போதும், கொட்டில் திறந்துவிடும். அது எனக்குக்கூட விளங்கியது. ஆனால் பரிசோதகர் வந்ததும் அம்மா, “சேர், நான் உங்களை ஏமாத்திப்போட்டன்,” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லி, வேலிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

தெருவே கூடிவிட்டது. “உன்ர கொட்டிலை மூடினதுக்கு என்ர கிணத்தையோ காட்டிக்குடுக்கிறாய்?” என்று மாமி மண்ணை அள்ளித் தூற்றினார். அவர்கள் கிணற்றுக்கும் குளோரின் போட்டு, ஆடுகளை அப்புறப்படுத்தினார்கள். மாமி எங்களுக்குத் தண்ணீரை மறித்தார். ஒருமுறை ஏமாந்த பரிசோதகர் எங்கள் கொட்டிலைத் திறக்க இழுத்தடித்தார். அதற்குள் சதை வாங்குகிற வியாபாரியின் வான் மண்டைதீவுப் பக்கம் போய்விட்டது. அம்மா வேறொருவரின் கொட்டிலுக்குக் கூலிக்கு நண்டுடைக்கப் போனார். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒருவரும் சேரவில்லை. எனக்கு அம்மா மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மாதா கோயில் திருநாளன்று முற்றத்தில் மாமி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். பெடியனுக்கு வயிறு சுகமாகிவிட்டதாம். அவனுடைய உயரத்துக்கு மெழுகுதிரி கொளுத்துவதாக வைத்த நேர்த்தி பலித்துவிட்டதாம்.

அம்மா கிட்டப் போய், “ஓம் மச்சாள், மாதா கைவிடமாட்டா,” என்றார். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“அவவோட ஏன் வலியப் போய்க் கதைச்சனீங்கள்?” என்று வழியில் கேட்டேன்.

“பெடியன்ர கன்னத்தைப் பார்த்தனியோ?” என்றார் அம்மா.

நான் பார்க்கவில்லை. திரும்பவும் தண்ணீர் வாங்கத்தான் மாமியிடம் குழைகிறார் என்று எண்ணி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அம்மாவுக்குப் பின்னால் நடந்தேன்.