டாக்டரம்மா வாங்கிய டயர்கள்

திருவள்ளூர் டயர் கடை வாசலில் டாக்டரம்மா குனிந்து ஒரு புது டயரை மோந்து பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. "புதுச் செருப்பு வாசனை அடிக்குது சிஸ்டர்" என்று சிரித்தார். விலையைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு அடங்கிப்போனது.

கவரைப்பேட்டையில் அவர் நடத்திய சின்ன மருத்துவமனையில் நான் நர்ஸாக இருந்தேன். கும்மிடிப்பூண்டியில் தொழிற்பேட்டை வரப்போகிறது என்று பேச்சு கிளம்பியிருந்த காலம். பெட்ரோல் விலை ஏறியதோடு காருக்கு வேண்டிய சாமான்கள் எல்லாமே எட்டாத விலைக்குப் போயிருந்தன. அவருடைய அப்பா விட்டுப்போன பழைய கார் ஒன்றுதான் எங்களுக்குக் கால். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் சிக்கலான பிரசவம் என்றால் அதில்தான் போவோம். ஃபீஸ் என்று அவர் வாய்திறந்து கேட்டு நான் பார்த்ததில்லை. அதனால் காருக்குச் செலவு வந்தால் மட்டும் அவர் முகம் வாடிவிடும்.

நான்கு டயர்களும் மொழுமொழுவென்று தேய்ந்திருந்தன. பின்னால் இருந்த ஒன்றில் உள்நூலே தெரிந்தது. கடைக்காரர் இரண்டு வழி சொன்னார்.

"முன்னால ரெண்டு புதுசு போட்டுக்குங்க, பின்னால பழசே ஓடட்டும். இல்லாட்டி நாலும் ரீட்ரெட் போட்டுக்கினு போங்க. ரெண்டும் ஏறக்குறைய ஒரே துட்டுதாம்மா."

ரீட்ரெட் என்றால், தேய்ந்த டயரின் மேல் புது ரப்பர் பட்டையைச் சூட்டில் ஒட்டித் தருவது. லாரிக்காரர்கள் பலரும் அதில்தான் ஓட்டினார்கள். டாக்டரம்மா வெகுநேரம் யோசித்தார். ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. மழை பிடித்துக்கொண்டால் குப்பத்துப் பாதை முழுக்கச் சேறுதான். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி நகராது. நாலும் ரீட்ரெட்டே போட்டுவிடலாம் என்று முடிவு செய்தார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. இன்றைக்கு யோசித்தாலும் சரி என்றுதான் படுகிறது. அந்த மழைக்காலம் முழுக்க வண்டி ஓரிடத்திலும் சிக்கவில்லை.

பங்குனி வெயிலில் ஒரு மதியம், குப்பத்திலிருந்து ஒரு மீனவர் ஓடிவந்தார். "பொஞ்சாதிக்குக் காலையிலருந்து வலி எடுத்துக்கினே கீதும்மா. மருத்துவச்சி கைய விரிச்சிட்டாங்க." அவரையும் ஏற்றிக்கொண்டு உடனே புறப்பட்டோம். பொன்னேரி தாண்டிச் சற்று தூரம் போனதும் பின்பக்கம் படபடவென்று எதுவோ அடித்தது. இறங்கிப் பார்த்தால், ஒட்டிய பட்டை பாம்புச் சட்டை போல உரிந்து கிடந்தது. டயரும் வெடித்திருந்தது. ஸ்டெப்னியை மாட்டலாம் என்றால் ஜாக்கி மணலில் புதைந்தது. அந்த மனிதர்தான் எங்கிருந்தோ செங்கல் கொண்டுவந்து அடியில் கொடுத்தார். வண்டியைத் தோளால் முட்டுக்கொடுத்துத் தூக்கினார். "சீக்கிரம்மா, சீக்கிரம்மா" என்பதைத் தவிர வேறு ஒரு சொல் அவர் சொல்லவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குடிசைத் தரை ரத்தத்தில் நனைந்திருந்தது. குழந்தையை டாக்டரம்மா உயிரோடு எடுத்துவிட்டார். பெண் குழந்தை. தாயின் கை என் கைக்குள்ளேயே குளிர்ந்துபோனது.

திரும்பும் வழியில் டாக்டரம்மா ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு புதுசு வாங்கியிருந்தா?"

"வெடிச்சது பின் டயர்தானேம்மா. புதுசு முன்னாலதான் போட்டிருப்போம். பின்னால அந்த நூல் தெரிஞ்ச பழசுதான் ஓடிக்கினு இருந்திருக்கும்."

"அது எனக்கும் தெரியும் சிஸ்டர்" என்றார். அதன் பிறகு அவர் பழையபடி சிரித்து நான் பார்க்கவில்லை. அடுத்த மாதம் எப்படியோ பணம் புரட்டி நாலும் புது டயராகப் போட்டார். அதை வாங்கத் திருவள்ளூருக்கு என்னைத்தான் அனுப்பினார், தான் வரவில்லை.

அந்த மீனவர் அவரை ஒரு சொல் குறை சொல்லியிருந்தால்கூடத் தேவலை. அவரோ வலையில் நல்ல பாடு விழுந்த நாளெல்லாம் மீனோடு வந்து நின்றார். "எம் பொண்ண நீங்கதானே குடுத்தீங்க" என்பார். டாக்டரம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார். அவர் தலை மறைந்ததும், "வீட்டுக்கு எடுத்துக்கிட்டுப் போ சிஸ்டர்" என்று என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுவார். பிறகு அந்தக் குழந்தை நடக்கத் தொடங்கியது. அதையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

அந்த வருஷமே டாக்டரம்மா மருத்துவமனையை மூடிவிட்டு மெட்ராசுக்குப் போய்விட்டார். இப்போது அந்தக் குப்பம் வரைக்கும் தார்ச்சாலை. போன் செய்தால் ஆம்புலன்ஸ் வருகிறது. டாக்டரம்மா ஊரைவிட்டுக் கிளம்பிய அந்த வாரத்தில், மிச்ச மருந்துச் சாமான்களை நான் ஒழித்துக்கொண்டிருந்தபோது, அந்த மீனவர் மகளைத் தோளிலும் மீனைக் கையிலும் வைத்துக்கொண்டு வந்து அவருடைய பூட்டிய அறையைப் பார்த்தபடி நின்றார்.

"சொல்லாமலே போய்ட்டாங்களா? நான் இன்னா தப்பு பண்ணேன் சிஸ்டரம்மா?"

மீனை நான்தான் வாங்கிக்கொண்டேன்.